கடன் கொப்பியும் 25ஆம் திகதியும்: ஏ-9 வீதியில் சுப்பர்மாக்கற் வந்த வழி

கிளிநொச்சியில், மாதச் சம்பளம் விழும் 25ஆம் திகதி கழிந்து வரும் முதல் சனிக்கிழமை பின்னேரம், ஏ-9 என்ற கண்டி–யாழ்ப்பாண வீதியோரம் நின்று பாருங்கள். குளிரூட்டிய சுப்பர்மாக்கற் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கி நிற்கும். ஆசிரியர்மார், ஆஸ்பத்திரித் தாதிமார், கச்சேரி உத்தியோகத்தர்கள், வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகள், ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வரும் பெண்கள் எல்லாரும் அங்கேதான். அதே நேரம், சில கிலோமீற்றர் உள்ளே வாய்க்கால் கரையோரக் கடையொன்றில் முதலாளி மேசை லாச்சியைத் திறந்து, கடன் கணக்கு எழுதும் தடித்த சீ.ஆர். கொப்பியை எடுக்கிறார். ஒரு கிலோ சீனி, அரைக்கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம். எழுதிவிட்டு மூடுகிறார். காசு கைமாறவில்லை.

இந்த இரண்டு கடைகளும் ஒரே ஆளுக்காகப் போட்டி போடுகின்றன என்றுதான் நெடுநாளாக நினைத்திருந்தேன். வவுனியா தொடக்கம் பரந்தன் வரை, அங்கிருந்து முல்லைத்தீவுப் பக்கம், கடைகள் எப்படி மாறின என்று சில வருடங்களாகப் பார்த்துக் கதைத்துத் திரிந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் கிளை வைக்கும் சங்கிலிக் கடைகள் மாதச் சம்பளத்தைத் தேடி வருகின்றன. சின்னக் கடைகள் அறுவடையை நம்பி நிற்கின்றன. எந்தக் கடை எங்கே வந்தது, எது நிலைத்தது, எது பூட்டப்பட்டது என்பதை விலையை வைத்துப் பார்த்தால் பாதிதான் விளங்கும். வீட்டுக்குக் காசு எப்போது வருகிறது என்று கேட்டால் மிச்சமும் விளங்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். தராசுப் படியும் அரிசிச் சாக்கின் மணமும் உள்ள வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தப் பாசம் இதில் எங்காவது தெரிந்தால் அது இருக்கத்தான் செய்யும்.

கொழும்பில் நடந்தது

சுப்பர்மாக்கற் என்பது இலங்கையில் கொழும்புச் சரக்கு. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் ஃபூட் சிற்றி என்ற தன் முதல் சுப்பர்மாக்கற்றை 1983இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் திறந்தது. ஜோன் கீல்ஸ் குழுமத்தின் கடைகள் 1990களின் தொடக்கத்தில் வந்தன. ஆர்ப்பிக்கோவும் லாஃப்ஸும் அப்புறம் சேர்ந்தன. காலி வீதி, கண்டி வீதி, ஹைலெவல் வீதி என்று பெரிய வீதிகளைப் பிடித்துக்கொண்டே அவை வெளியே பரவின. இன்றைக்கு அந்த வீதிகளில் ஒரு நிறுவனத்தின் கடை வாசலில் நின்றால் மற்றதின் பெயர்ப்பலகை தெரியும். ஒன்று விட்டுப்போன கட்டடத்துக்குள் இன்னொன்று குடியேறும். வாகனம் நிறுத்த இடம், அதிகாலைப் பாண், உடன் மீன் என்று ஒன்று செய்வதை மற்றது ஆறு மாதத்துக்குள் செய்துவிடும்.

எதிரிகள் ஏன் பக்கத்தில் பக்கத்தில் போய் நிற்கிறார்கள் என்பதற்கு ஹரோல்ட் ஹோட்டெலிங் என்ற பொருளியலாளர் 1929இலேயே ஒரு விளக்கம் எழுதினார். ஒரு நேர் வீதி, அதில் இரண்டு வியாபாரிகள். மற்றவரின் வாடிக்கையாளரைக் கொஞ்சம் பிடிக்க ஒவ்வொருவரும் நடுப்பக்கம் நகர்ந்து, கடைசியில் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். அதோடு லொறிக் கணக்கையும் சேர்க்க வேண்டும். களஞ்சியத்திலிருந்து புறப்படும் ஒரு லொறி போகிற வழியில் நாலு கடைக்கு இறக்கினால்தான் ஒவ்வொரு கடைக்கும் செலவு குறையும். அதனால் புதிய கடை, பழைய கடைக்கு எட்டும் தூரத்திலேயே முளைக்கும்.

இந்தக் கணக்கை வன்னிக்குப் போட்டுப் பாருங்கள். கொழும்பு மாவட்டம் ஏறத்தாழ 700 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே 23 இலட்சம் பேர். வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்ற நான்கு மாவட்டமும் சேர்ந்து 7,800 சதுர கிலோமீற்றருக்கு மேல், அதே மதிப்பீட்டில் மொத்தச் சனம் 5 இலட்சம் கூட இல்லை. முல்லைத்தீவில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 92,000 பேர். காடு, குளம், வயல், அங்கொரு சந்தி இங்கொரு சந்தி. எந்தச் சங்கிலிக் கடையும் தானாக விரும்பி வருகிற நிலம் இல்லை இது. ஆனாலும் வந்தார்கள். ஏ-9 வீதி யாழ்ப்பாணத்துக்குப் போகிறது என்பதுதான் அதற்குக் காரணம். அந்த வீதியால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற லொறி கிளிநொச்சியைத் தாண்டாமல் போக முடியாது. லொறி போகிற வழியில் இருந்ததால் கிளிநொச்சிக்குக் கிடைத்தது. துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் எல்லாம் அந்த வழியில் இல்லை.

கூப்பன் காலமும் பூட்டிய வீதியும்

சுப்பர்மாக்கற்றுக்கு முன்னால் வன்னியில் ஒரு சங்கிலிக் கடை இருந்தது. அதை அப்படி யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், எங்கள் வாயில் சங்கக்கடை. 1970களின் தொடக்கத்தில் சிறிய சங்கங்களை இணைத்துப் பெரிய சங்கங்களாக்கினார்கள். ஒரு தலைமைக் கிளை, ஊருக்கு ஊர் கிளைக்கடை, ஒரே விலை, ஒரே கூப்பன். அரிசிக் கூப்பன் இருந்ததால் எல்லா வீடும் அங்கே போயே ஆக வேண்டும். இறக்குமதி கட்டுப்பட்டிருந்த அந்த வருடங்களில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் மிளகாய் செய்தவர்களின் கையில் காசு புரண்டது என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. சனம் கட்டாயமாக வந்து நின்ற வரிசை அதோடு குறைந்தது.

1990க்குப் பிறகு போர்க் காலத்தில் நடந்ததை வணிக வரலாறாக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கடைகளைப் பற்றிச் சொல்லும்போது அதைத் தாண்டிப் போகவும் முடியாது. எரிபொருள், சீமெந்து, பற்றரி, உரம் என்று பொருளாதாரத் தடைப் பட்டியல் நீண்டிருந்தது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்றது. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் பாண்டியன் பல்பொருள் வாணிபம் என்ற பெயரில் கடைகள் நடந்தன. சங்கக்கடை நிவாரணம் கொடுக்கும் இடமாக மாறியது. அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் எல்லாம் அட்டைப்படி. போரால் பூட்டிக் கிடந்த ஏ-9 வீதி 2002இல் திறந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்த சரக்கைப் பார்க்கச் சனம் சந்திக்குச் சந்தி நின்றது. 2006 ஓகஸ்ற் மாதம் வீதி மறுபடி பூட்டுப்பட்டது.

2008 கடைசியில் கிளிநொச்சிச் சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர நகர, கடைகளும் கூடவே நகர்ந்தன. தறப்பாளின் கீழே ஒரு பலகை, அதன்மேல் இருக்கிற சாமான். நான் மேலே சொன்ன வாய்க்கால் கரை முதலாளி தன் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி முல்லைத்தீவுக் கரையோர மாத்தளன் வரைக்கும் கொண்டுபோனவர். அங்கே அது போய்விட்டது. போர் முடிந்து, செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிக் கடையைத் திறந்த முதல் கிழமையில், ‘ஐயா, எங்கட கணக்கு எவ்வளவு இருந்தது?’ என்று கேட்டுக்கொண்டு சிலர் தாங்களாகவே வந்தார்களாம். ‘நான் சொன்னதை அவையள் ஏத்துக்கொண்டவை, அவையள் சொன்னதை நான் ஏத்துக்கொண்டன்’ என்றார். வராதவர்களில் எத்தனை பேர் உயிரோடு இல்லை என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

முதலில் லீசிங், பிறகு சுப்பர்மாக்கற்

மீள்குடியேற்றத்தின் முதல் இரண்டு வருடங்களில் வீதியோரம் தென்பகுதி வியாபாரிகளின் சிறிய லொறிகள் வந்து நின்றன. பிளாஸ்ரிக் கதிரை, வாளி, பாய், உடுப்பு. உள்ளூரில் மறுபடி கடை போட்டவர்களுக்கு அது பெரிய அடி. அதன் பின்னால் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாக வந்தன. கண்டி வீதியில் கூரையில்லாத கட்டடங்களுக்கு நடுவே கண்ணாடிக் கதவு போட்ட நிதி நிறுவனங்கள் நின்றதை அந்தக் காலத்தில் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சங்கிலிக் கடைகள் அதற்குப் பிறகுதான். அவற்றுக்குத் தேவையான மூன்று விஷயங்கள் அதுவரை கூடவில்லை. ஒன்று, இரவுபகல் நிற்கும் மின்சாரம். உறைபெட்டியில் இருக்கும் கோழியும் ஐஸ்கிறீமும் ஜெனரேற்றரை நம்பி இருக்க முடியாது. இரண்டு, நேரத்துக்கு வரும் லொறி. வீதி அகட்டப்பட்டுக் கார்பெற் போட்ட பிறகே அது நடந்தது. ரயிலும் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. மூன்றாவது, மாதச் சம்பளம். திணைக்களங்கள் திரும்பின, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடங்களும் நிரம்பின, அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் வந்தன, ஆடைத் தொழிற்சாலைகள் இளம் பெண்களை வேலைக்கு எடுத்தன.

ஒரு வரைபடத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேலை செய்யும் இடங்களைப் புள்ளி வைத்து, பிறகு வன்னியில் உள்ள சங்கிலிக் கடைகளையும் குறித்துப் பார்த்தேன். இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன. வவுனியா நகரம் முதல் இடம். அங்கே தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்துபோகும் சனமும் சேர்த்தி. அடுத்தது கிளிநொச்சி, மன்னார். இன்றைக்குக் கார்கில்ஸ் 25 மாவட்டங்களிலும் கடை வைத்திருக்கிறது, நாடு முழுவதிலும் 500ஐத் தாண்டிவிட்டது. கீல்ஸ் வடக்குக்குப் பிந்தி வந்தது. அரசாங்கத்தின் லங்கா சதொச சம்பளக்காரரையும் விட நாளாந்தக் கூலிக்காரரை இழுக்கிறது. சீனியும் அரிசியும் பருப்பும் கட்டுப்பாட்டு விலையில் கிடைக்கும் நாட்களில் அதன் வாசலில் வரிசை நிற்கும், சரக்கு முடிந்த அன்றைக்கு உள்ளே ஆளிருக்காது.

கொழும்பில் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று பார்த்து இடம் தேடும். வன்னியில் அந்தப் போட்டி வவுனியாவுக்கு வடக்கே பெரிதாக இல்லை. அங்கே ஒரு சங்கிலிக் கடை தனக்கு எதிரே காண்பது இன்னொரு சங்கிலிக் கடையை இல்லை. தன்னுடைய பெயரையே வைத்துக்கொண்டு நிற்கும் உள்ளூர்க் கடையைத்தான்.

எல்லாமே ஃபூட் சிற்றி

வடக்கில் ஃபூட் சிற்றி என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக நிற்கவில்லை. கண்ணாடிக் கதவு, தட்டு, கூடை, பில் இருந்தால் அது ஃபூட் சிற்றி. சாமி பெயரோ பிள்ளையின் பெயரோ முன்னால் சேர்த்து, பின்னால் ஃபூட் சிற்றி என்று எழுதிய பலகைகளை ஏ-9 வீதி முழுவதும், உள்ளே புதுக்குடியிருப்பு, மல்லாவி வரைக்கும் காணலாம். கூட்டுறவுச் சங்கங்கள் கூடச் சில இடங்களில் கோப் சிற்றி என்று பலகை மாற்றின.

பெயரை மட்டுமா எடுத்தார்கள்? சாமானை ஆளே எடுக்கும் முறையை எடுத்தார்கள். வன்னியில் இது சின்ன மாற்றம் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ‘அண்ணை, அதில ஒண்டு தாங்கோ’ என்று கேட்டே பழகிய சனம், முக்கியமாகப் பெண்கள், விலையைத் தாங்களே திருப்பிப் பார்த்து, வேண்டாம் என்றால் திரும்ப வைக்கலாம் என்பதை விரும்பினார்கள். நாப்கினை ஒருவரிடம் கேட்காமல் எடுத்துப் போட முடிகிறது என்று ஓர் ஆசிரியை சொன்னார். சங்கக்கடை மகனான எனக்கு இது அதுவரை தோன்றவே இல்லை.

எடுக்காததும் உண்டு. உள்ளூர் ஃபூட் சிற்றியில் தேங்காயை ஆட்டிப் பார்த்து வாங்கலாம். ஆட்டக்காரி அரிசி, மொட்டைக்கறுப்பன் மா, முல்லைத்தீவுக் கருவாடு, முறிகண்டிப் பக்கத்துக் கச்சான் வாசலிலேயே இருக்கும். வாழைக்குலை கயிற்றில் தொங்கும். பெரிய கடையில் என் அம்மாவோடு ஒருநாள் நின்றேன். விலைச்சீட்டு முழுக்க ஆங்கிலம். அம்மா ஒரு பால்மாப் பெட்டியைக் காட்டி, ‘தம்பி, இது எவ்வளவு?’ என்றா. அந்தப் பொடியன் மரியாதையான பிள்ளை. ‘அம்மா, மெஷின்ல அடிச்சுத்தான் பாக்கோணும்’ என்று அதை வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினான். அவன் திரும்பி வரும்வரை அம்மா, தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டது போலக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றா. எனக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது. அந்த விலையைத் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

கொப்பி எப்படி வேலை செய்கிறது

வாய்க்கால் கரைக் கடையின் கொப்பியில் ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கம். மேலே வீட்டுக்காரியின் பெயர், அநேகமாகப் பெண்ணின் பெயர்தான். இடப்பக்கம் திகதி, நடுவில் சாமான், வலப்பக்கம் காசு. காலபோகம் விதைக்கும் ஐப்பசியில் பக்கம் வேகமாக நிரம்பத் தொடங்கும். மார்கழியில் மழை வெள்ளம் என்றால் இன்னும் வேகம். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகம் செய்தால் ஆவணி, புரட்டாதியில் இரண்டாவது கோடு. தண்ணீர் பங்கு குறைந்த வருடம் இரண்டாவது கோடு இல்லை.

இதற்கு வட்டி கிடையாது. ஆனால் சாமானின் விலை நகரத்தை விடக் கொஞ்சம் கூட, அதை இரண்டு பக்கமும் அறிந்திருக்கிறது. நாலைந்து மாதம் காத்திருப்பதற்கும் வராமல் போகிற கடனுக்கும் அந்தக் கொஞ்சம்தான் கூலி. சங்கிலிக் கடை கிலோவுக்குப் பத்து, இருபது ரூபா குறைத்துக் கொடுத்தாலும் ஐப்பசியில் கையில் காசில்லாத வீட்டுக்கு அந்தக் குறைவால் பயனில்லை. கடனட்டை இருந்தால் சங்கிலிக் கடையிலும் தவணை உண்டு, கழிவும் உண்டு. அதுவும் சம்பளக்காரருக்கே.

கொப்பியை உண்மையில் நெருக்கியது சுப்பர்மாக்கற் இல்லை, கிழமைக்கிழமை கட்டும் நுண்கடன். வீட்டுக்கு வரும் கூலிக்காசை முதலில் லோன்காரர் வாசலில் நின்று வாங்கிப் போனார்கள். மிச்சமிருந்தால்தான் கடைக்கு. நிலைமை எவ்வளவு மோசமாகியது என்றால், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்த வருடங்களில் கொப்பியை மூடிவிட்டுக் ‘கடன் சொல்லி வராதீர்கள்’ என்று பலகை எழுதிய கடைகளை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் சில பிறகு பூட்டப்பட்டன.

அடுத்து 2022. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு 94.9 வீதம். அதற்கு முந்தின வருடத்து இரசாயன உரத் தடையால் விளைச்சலும் விழுந்திருந்தது. மார்கழியில் எழுதிய சீனியின் காசைப் பங்குனியில் வாங்கினால் அந்தக் காசுக்குக் கடைக்காரர் திரும்பக் கொள்முதல் செய்ய முடியாது. கடன் கொடுத்தவர் முதலை இழக்கிறார். சங்கிலிக் கடைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, விலைச்சீட்டை மாற்றினால் போதும். நம்முடைய முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கொப்பியில் வலப்பக்க நிரலை வெறுமையாக விட்டார். ‘சீனி 2 கிலோ, பருப்பு 1 கிலோ’ என்று சாமானை மட்டும் எழுதினார். கட்ட வருகிற அன்றைக்கு என்ன விலையோ அந்த விலை. வாடிக்கையாளருக்கு இது வலித்தது, சண்டையும் வந்தது. ஆனால் கடை பூட்டப்படவில்லை. பொருளியல் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைப்பார்கள். அவர் பத்தாம் வகுப்போடு நின்றவர்.

தம்புள்ளைக்குப் போய்த் திரும்பும் கத்தரிக்காய்

ஒரு விஷயத்தில் பெரிய கடை, சின்னக் கடை வித்தியாசமில்லாமல் எல்லாரும் ஒரே நிலை. மரக்கறி. வன்னியில் விளைந்த கத்தரிக்காயும் பூசணியும் பப்பாசியும் இரவில் லொறியேறித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகின்றன. அடுத்த நாள் அதில் ஒரு பங்கு அதே வீதியால் வடக்கே திரும்பி வந்து நம் கடைகளின் தட்டில் ஏறுகிறது. இரண்டு லொறிக் கூலி, இரண்டு தரகு, நசுங்கிய மிச்சம். இதை நிறுத்தத்தான் வவுனியாவில் ஒரு பொருளாதார மத்திய நிலையம் வேண்டும் என்றார்கள். ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016இல் மாதக்கணக்கில் அரசியல்வாதிகள் இழுபட்டதை வடக்கில் யாரும் மறக்கவில்லை. அந்த இழுபறியில் போனது விவசாயியின் காலம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியாகப் போன முறை வாய்க்கால் கரைக் கடையில் ஒரு மாற்றம் கண்டேன். முதலாளியின் மகள் வவுனியாவில் படித்துவிட்டு வந்து ஒரு பழைய கணினியும் பில் அடிக்கும் மெஷினும் வாங்கி வைத்திருக்கிறா. சுவரில் இரண்டு தட்டு புதிதாக அடித்து, ஆட்கள் தாங்களே எடுக்கும்படி சவர்க்காரமும் பிஸ்கற்றும் அடுக்கியிருக்கிறார்கள். ஓர் அம்மா வந்து சாமான் எடுத்தா. மகள் பில் அடித்தாள். விலை முழுவதும் தமிழில் வந்தது. பில்லை வாங்கிப் பார்த்த அம்மா, ‘பிள்ளை, தைப்பொங்கல் கழிய அப்பர் நெல்லுக் குடுத்திடுவார்’ என்றா. மகள் தலையாட்டிவிட்டு லாச்சியைத் திறந்து சீ.ஆர். கொப்பியை எடுத்து, அந்த வீட்டுப் பக்கத்தில் பில்லை வைத்து ஸ்ரேப்ளரால் இரண்டு அடி அடித்தாள்.